விடியாமூஞ்சி

ஆட்டத்துக்குள் விடுமுன்னே கேட்டுவிடும்:
ஒளியா, இருளா?
நல்லவனா என்று கேட்காது.
நான் இருள் எடுத்தேன்.
"போயும் போயும் பேய்க் கட்சியா அண்ணே?"
மேல்கட்டிலிலிருந்து
தலையைத் தொங்கவிட்டுக் கேட்டான் இருதயராஜ்.

பேய் இல்லை தம்பி, விதியை வாசி.
அந்த உலகத்தில் காயம்
இருட்டில்தான் மூடும்.
விதை பிளப்பதும் பிணம் அழுகுவதும் அங்கேதான்.
ஒளி பட்டது இருந்தபடி நிற்கும்,
சிரிப்பானால் சிரிப்பு, அலறலானால் அலறல்.
அழுகாது. ஆறாது.
ஒளி மிஞ்சியவன் உப்புப் பாறையாவான்,
இருள் மிஞ்சியவன் தன் பெயரை மறப்பான்.
கட்சி மாற முந்நூறு பொற்காசு,
எந்தப் பக்கத்திலிருந்தானாலும்.

தமிழ் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது.
விடிஞ்சிரும் என்றால் ஆறுதல்,
விடியாமூஞ்சி என்றால் வசவு.
கடன் கேட்கப் போனபோதெல்லாம்
என் மாமனார் அப்படித்தான் அழைத்தார்.
ருவைஸில் விடிந்தால் விடிகிறது, அவ்வளவுதான்.
ஐந்தே காலுக்குப் பேருந்து.
எட்டு மணிக்குக் கைப்பிடிக் கம்பியைக்
கையுறையில்லாமல் தொட முடியாது.
ராத்திரியும் முழுசாக வராது,
சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து
கடல்பக்கமெல்லாம் செம்மஞ்சள் அப்பியிருக்கும்.
ஆறு வருஷமாக நான் நட்சத்திரம் பார்ப்பது
கைப்பேசியில்,
சூனியக்காரன் கோட்டைக்கு மேலே.
எண்ணியாயிற்று. நாற்பது.

எங்கள் அறைக்கு ஒரே டியூப்லைட்.
நாலு கட்டில், இரண்டு ஷிப்ட்.
போன ரம்ஜானில் சுவிட்சுக்கு நடந்த சண்டையில்
கதவு பெயர்ந்து விழுந்தது.
யார் பக்கம் நியாயம் என்று கேட்டார் கேம்ப் பாஸ்.
லைட் போட்டவனுக்கு வேலைக்குப் போகணும்,
அணைத்தவனுக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கணும்.
யோசித்துப் பார்த்தார்.
கதவுக் காசை நாலு பேர் சம்பளத்திலும் பிடித்தார்.

ஜூலையில் எங்களுக்கெல்லாம் பகல்.
மதிய ஓய்வுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்,
பைப் ரேக்கின் கீழே தேக் பகதூர்
நேபாளியில் ஏதோ தொடங்கி
பாதியில் விட்டுச் சரிந்தான்.
வியர்வை நின்றுபோயிருந்தது. அதுதான் பயம்.
இருதயராஜ் காலைப் பிடிக்க, நான் தோளைப் பிடிக்க,
ஏழாம் எண் தொட்டி நிழலில் கொண்டு கிடத்தினோம்.
ஓர் ஆள் படுக்கிற அகலம்.
அவனுக்காக அது அங்கே விழுந்திருக்கவில்லை.
ஆம்புலன்ஸ் வருமுன்
அவன் பூட்ஸ் இரண்டும் வெயிலுக்கு வந்துவிட்டன.
முழங்காலை மடக்கி வைத்தோம்.

அதே தொட்டிக்குப் பின்னால்தான் முந்தின வருஷம்,
விளக்குக் கோபுரத்துக்கு டீசல் தீர்ந்த ராத்திரி,
மொஸ்தஃபிஸ்
பள்ளம் தெரியாமல் கால் வைத்தான்.
அவன் பெட்டியை நான்தான் கட்டினேன்.
அவன் கட்டிலுக்குத்தான் தேக் வந்தான்.

தேக் பிழைத்தான்.
ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்களைப் பார்க்கவில்லை,
ஜன்னல் திரையை இழுக்கச் சொல்லி
விரலை அசைத்தான்.

அன்றைக்கு ராத்திரி இருதயராஜ் கேட்டான்,
கட்சி மாற முந்நூறுதானே?
முந்நூறுதான்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எட்டு மாசம் வளர்த்த ஆளு அண்ணே."
மாறவில்லை.
பிறகு பாலத்தடியில் மறைந்திருந்து
என் ஆளைக் கொன்றான்.

இந்த வாரம் எனக்கு இரண்டு மணிக்குத்தான் முடிந்தது.
நாலுக்கு அவன் இறங்குகிறான்,
ஏணிப்படி கிறீச்சிடாமல்.
டியூப்லைட் பக்கம் போகவில்லை.
கைப்பேசி விளக்கைப் போட்டு
உள்ளங்கையால் பொத்துகிறான்.
விரல்களின் ரத்தம் தெரிகிறது.
அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு
ஒரு சாக்ஸ் எடுத்துவிட்டான்,
மற்றதைத் தேடுகிறான்,
தேக்கின் கட்டிலடியில், வாளிக்குப் பின்னால்.
என் தலைமாட்டில் கிடக்கிறது.
கண்ணைத் திறக்காமல் நீட்டுகிறேன்.